வில்லும் சுமையும்

மோட்டார் வண்டி வைத்திருப்போர் அதன் எஞ்சினைப் பற்றிப் பேசுவார்கள். நிறத்தைப் பற்றிப் பேசுவார்கள். விலையைப் பற்றிக் கேளாமலே சொல்லுவார்கள். தம்மை நாள்தோறும் தாங்கிக்கொண்டிருக்கும் வில்லைப் பற்றிப் பேசுவோரை நாம் அதிகம் கண்டதில்லை. ஸ்பிரிங் என்று இன்று எல்லோரும் சொல்லும் அப்பொருளுக்குத் தமிழில் வில் என்பதே பழைய பெயர். வளைந்துகொடுத்துப் பின் தன் நிலைக்கு மீளுவது எதுவோ அது வில். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே, சேறும் மழைநீரும் தெறிக்கும் இடத்தில், ஒருவர் கண்ணிலும் படாமல் அது உழைக்கிறது. அது தாங்கும்வரை அதன் நினைவு யாருக்கும் வருவதில்லை. உழைப்பவர்களை உலகம் நடத்தும் முறையும் இதுவேயாதலால், வில்லைப் பற்றி எழுதுவது வெறும் பட்டறை விஷயம் ஆகாது என்று கருதி இதை எழுத முற்பட்டோம்.

நம்மிடம் எட்டுப் பேர் அமரக்கூடிய பெரிய ஜீப் வகை வண்டி ஒன்று பன்னிரண்டு ஆண்டுகளாக இருந்து வருகிறது. சிராங்கூன் சாலையருகே குடியிருப்பவருக்கு, பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் குறைவில்லாத ஊரில், இவ்வளவு பெரிய வண்டி எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் நம் உறவினரில் பாதிப்பேர் கடற்பாலத்துக்கு அப்பால், ஜொகூர் மாநிலத்துச் செம்பனைத் தோட்டங்களை ஒட்டிய சிற்றூர்களில் இருக்கிறார்கள். மணவிழா என்றாலும் சாவு என்றாலும், நடக்கமாட்டாத பெரியவர்களும் கைப்பிள்ளைகளும் மூட்டை முடிச்சுகளும் ஒரே வண்டியில் ஏறியாக வேண்டும். தார்ச்சாலை முடிந்தபின் சில மைல் செம்மண் பாதையும் உண்டு. மற்ற நாட்களில் தமிழ் வகுப்புக்கு வேண்டிய புத்தகக் கட்டுகளும், கூட்டங்களுக்கு வேண்டிய மடக்கு நாற்காலிகளும், ஒலிபெருக்கியும் அதன் பின்பாகத்தில் ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும்.

சிங்கப்பூரில் ஒரு வண்டி பன்னிரண்டு வயது காண்பது அவ்வளவு சாதாரணமன்று. 1990 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்த வாகன உரிமைச் சான்றிதழ் முறைப்படி, வண்டிக்கு முதலில் கிடைக்கும் உரிமை பத்தாண்டுக்கே. அதன்பின் அந்நாளைய விலைக்கேற்பப் பணம் கட்டி ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ புதுப்பிக்கலாம். இன்றேல் பதிவை நீக்கிவிட வேண்டும். வில் தளர்வதற்கு முன்பே பல வண்டிகள் ஊரைவிட்டு நீங்கிவிடுகின்றன. ஆகவே வில்லின் முதுமை எப்படியிருக்கும் என்பதை இங்குள்ளோர் பார்ப்பது அரிது. நாம் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்துக்கொண்டமையால் அதைப் பார்க்க நேர்ந்தது.

முதுமை ஓசையின்றி வந்தது. முதலில், இரவில் எதிரே வரும் வண்டிக்காரர்கள் தம் விளக்கை மின்னி மின்னி நம்மைக் கடிந்துகொள்ளத் தொடங்கினார்கள். பின்புறம் தாழ்ந்தமையால் நம் முன்விளக்குகள் சாலையை விட்டு அவர்கள் கண்ணை நோக்கியிருந்தன. பிறகு, வேகத்தடைகளின் மேல் ஏறி இறங்கும்போது அடியிலிருந்து ‘தட்’டென்று ஓர் இடி கேட்டது. ஒருநாள் வீட்டுப் பிள்ளை ஒன்று, ‘வண்டி ஏன் குந்திக்கொண்டிருக்கிறது?’ என்று கேட்டது. பெரியவர்கள் ஓராண்டாகப் பாராததைப் பிள்ளை ஒரு பார்வையில் கண்டுவிட்டது. சமமான தரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மேலே மட்கார்டின் விளிம்புவரை அளந்து பார்த்தோம். பின்புறம் இருக்கவேண்டிய உயரத்தில் ஒன்றரை அங்குலம் குறைந்திருந்தது. எப்போதும் ஆள் அமர்ந்திருக்கும் ஓட்டுநர் பக்கம் இன்னும் சற்றுத் தாழ்ந்திருந்தது.

இவ்விடத்தில் பலருக்கும் உள்ள ஒரு மயக்கத்தைத் தெளிவிப்பது நல்லது. வண்டியின் சுமையைத் தாங்குவது வில். அந்த வில் ஒருமுறை அமுங்கியபின் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டேயிராமல் அதன் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர் என்னும் எண்ணெய்க் குழாய். மேட்டில் ஏறி இறங்கியபின் வண்டி படகுபோல் ஆடிக்கொண்டேயிருந்தால் குறை குழாயில். நின்ற நிலையிலேயே தாழ்ந்திருந்தால் குறை வில்லில். இரண்டுக்கும் வேறுபாடு அறியாமல் குழாயை மாற்றிவிட்டு, ‘பணம் செலவழித்தும் வண்டி நிமிரவில்லையே’ என்று வருந்துவோர் உளர். நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்பது வண்டிக்கு மட்டும் உரிய பழக்கமன்று.

நாம் வண்டியைக் கொண்டுபோனது காக்கி புக்கிட் பகுதியிலுள்ள ஒரு பட்டறைக்கு. பட்டறைக்காரர் சீனர். அவரிடம் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் தமிழர் ஒருவரே வில் வேலையில் தேர்ந்தவர். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவர் வண்டிக்கடியில் படுத்துக் கைவிளக்கால் பார்த்துவிட்டு எழுந்து வந்து, விலையைச் சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்டார். ‘அண்ணே, வழக்கமாக என்ன சுமை ஏற்றுவீர்கள்?’ நாம் ஜொகூர்ப் பயணங்களை விவரிக்கத் தொடங்கினோம். அவர் இடைமறித்து, ‘வருஷத்தில் பத்து நாள் ஏறுகிற சுமையைப் பிறகு சொல்லுங்கள். தினமும் ஏறுகிற சுமை எவ்வளவு? வில்லை அதற்குத்தான் பார்க்க வேண்டும்’ என்றார்.

இக்கேள்வியில் அவருடைய தொழிலின் சாரம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள வில்லின் இயல்பைச் சிறிது அறிய வேண்டும். ஒரு மடங்கு சுமை ஏற்றினால் ஓர் அங்குலம் தாழும் வில், இரு மடங்கு ஏற்றினால் இரண்டு அங்குலம் தாழும். சுமையும் தாழ்வும் ஒரே விகிதத்தில் செல்லும் என்னும் இவ்விதியை இங்கிலாந்தைச் சேர்ந்த ராபர்ட் ஹூக் என்னும் அறிஞர் 1678-இல் வெளியிட்டார். ஆனால் இரும்புக்கும் ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை மீறிய சுமை பலமுறை ஏறினாலும், ஆண்டுக்கணக்கில் ஓயாமல் அமுங்கியே இருந்தாலும், உருக்கு முழு உயரத்துக்கு மீள்வதை மெல்ல மெல்ல மறந்துவிடுகிறது. இதில் வியப்பான செய்தி ஒன்றுண்டு. தளர்ந்த வில்லின் விறைப்பு ஏறத்தாழ முன்போலவே இருக்கிறது. குறைந்தது அதன் உயரமே. ஒரு மூட்டைக்கு அது முன்பு எவ்வளவு தாழ்ந்ததோ இன்றும் அவ்வளவே தாழும். ஆனால் தாழ்வதற்கு அதற்குக் கீழே இடமில்லை. இரண்டு அங்குலம் அமுங்கவேண்டிய இடத்தில் அரை அங்குலம் அமுங்கியதும் சட்டத்திலுள்ள ரப்பர்க் கட்டையில் போய் முட்டுகிறது. நாம் கேட்ட இடி அதுதான்.

முட்டியபின் அந்த அதிர்ச்சி எங்கே போகிறது? மறைந்துபோவதில்லை. வில் ஏற்காத அடி சட்டத்துக்குப் போகிறது. சட்டத்திலிருந்து இருக்கைக்குப் போகிறது. இருக்கையிலிருந்து அமர்ந்திருப்பவரின் முதுகெலும்புக்குப் போகிறது. இடையில் டயரும் புஷ்களும் தம் பங்கைப் பெற்றுத் தேய்கின்றன. தாங்கவேண்டியது தாங்காதபோது, தாங்கக் கடமைப்படாதது தாங்குகிறது. இந்த ஒரு வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

பழைய வில்லுக்குப் பதில் புதுவில் பூட்டுவதென்று முடிவானதும், ‘பூட்டுவதுதான் பூட்டுகிறோம், நன்றாகக் கெட்டியானதாகப் பூட்டிவிட்டால் என்ன?’ என்ற ஆசை எவருக்கும் எழும். உடன் வந்த நண்பர் அதையே கூறினார். சுருள்வில்லில் கெட்டித்தன்மை என்பது நாம் நினைப்பதைவிட விரைந்து ஏறுவது. கம்பியின் கனம் கூடினால் விறைப்பு அதன் நான்காம் அடுக்குப்படி கூடுகிறது. 16 மில்லிமீட்டர் கனமுள்ள கம்பி 16.5 மில்லிமீட்டர் ஆனால் விறைப்பு ஏறத்தாழ 13 விழுக்காடு ஏறும். கனம் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு 46 விழுக்காடு ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியாத மாற்றம், முதுகுக்குத் தெரியும். வேண்டியதற்கு மேல் விறைத்த வில்லின்மேல் நிற்கும் வண்டி, சுமையற்ற நாளில் சிறு பள்ளத்துக்கும் துள்ளும். துள்ளும் சக்கரம் சாலையை விடும். சாலையை விட்ட சக்கரத்துக்குப் பிரேக்கும் இல்லை, திருப்பமும் இல்லை. ஷாக் அப்சார்பரும் அந்த விறைப்பை அடக்கும் வலிமையின்றி விரைவில் தோற்கும். வண்டியை அழகுக்காக உயர்த்துவோர்க்கோ, எடைமையம் மேலேறித் திருப்பத்தில் சாயும் அச்சம் கூடுகிறது.

ஆகவே நம் நாட்சுமையைக் கணக்கிட்டோம். புத்தகமும் நாற்காலியும் ஒலிபெருக்கியும் சேர்ந்து 120 கிலோகிராம். அதற்கேற்ப, பழையதைவிடச் சிறிதே விறைப்பு மிகுந்த, ஆனால் வண்டியைத் தொழிற்சாலை வைத்த உயரத்துக்கு மட்டுமே நிமிர்த்தும் வில்லைத் தேர்ந்தோம். ஒரு பக்கம் மட்டும் மிகத் தளர்ந்திருந்தாலும் இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பது பட்டறை நெறி. ஒரு தோள் புதிது, ஒரு தோள் பழையது என்றால் சுமை கோணும். வில்லோடு ஷாக் அப்சார்பரும் புதிதாயிற்று. பின்னர்ச் சக்கரங்களின் நேர்நிலையைச் சரிபார்த்து, முன்விளக்குகளையும் தாழ்த்தி வைத்தார்கள். இவ்வேலையை வீட்டு வாசலில் செய்து பார்க்கும் எண்ணம் எவருக்கும் வரவேண்டாம். அமுக்கி வைத்த சுருள்வில் பிடி நழுவினால் உயிரையே வாங்கிவிடும்.

இங்கே மற்றொன்றும் சொல்லத் தோன்றுகிறது. புது வண்டி வாங்கினால் நம்மவர் நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறார்கள். பழத்தை வைப்பதற்குக் குனிந்தவர், குனிந்தது குனிந்தபடியே வில்லையும் பிரேக்குக் குழாயையும் ஒருமுறை பார்த்து எழுந்தால் எவ்வளவோ நன்மை உண்டு. கண்ணேறு பட்டு உடைந்த வில்லை நாம் கண்டதில்லை. துரு ஏறி உடைந்த வில்லைக் கண்டிருக்கிறோம். கடற்காற்றும் ஓயாத மழையும் உள்ள இவ்வூரில் வில்லின் முதற்பகை துருவே. மேற்பூச்சு உரிந்த இடத்தில் துரு குழி பறிக்கிறது. குழியில் கீறல் பிறக்கிறது. கீறல் ஒருநாள் முறிவாகிறது.

நம் வண்டி மேடையில் ஏறியிருந்த வேளையில் பக்கத்து மேடையில் ஒரு லாரி நின்றது. கட்டட வேலைக்குச் செல்லும் 14 அடி லாரி. அதற்குச் சுருள்வில் இல்லை. உருக்குப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய பட்டைவில். பட்டைவில்லின் உறுதியும் அடக்கமும் புகழத்தக்கவை. ஒரு பட்டை முறிந்தாலும் மற்றவை வண்டியை மெல்லக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த லாரியிலும் ஒரு பட்டை முறிந்திருந்தது. அதன் உரிமையாளர், நம்மவர்தாம், முறிந்ததை மாற்றுவதோடு நில்லாமல் மேலும் ஒரு பட்டை சேர்த்துக் கட்டச் சொன்னார். சிமெண்டு மூட்டை கூடுதலாக ஏற்ற வேண்டுமாம். ஒரே கனமான ஐந்து பட்டையோடு ஆறாவது சேர்ந்தால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். நம்மிடம் கேட்ட கேள்வியைத் தம்பி அவரிடமும் கேட்டார்: ‘முதலாளி, தினமும் என்ன ஏற்றுவீர்கள்?’ அவர் சொன்னார்: ‘காலையிலும் மாலையிலும் பன்னிரண்டு ஆட்கள். நடுவில் சில நாள் சிமெண்டு.’ ‘அப்படியானால் ஆட்களுக்குத் தூக்கிப் போடுமே?’ என்றார் தம்பி. ‘ஆட்களுக்கென்ன, பிடித்துக்கொள்வார்கள்’ என்று விடை வந்தது.

அவர் கெட்டவர் அல்லர். பேசும்போது அவரிடம் கொடுமை ஏதும் தோன்றவில்லை. அந்த விடை அவருக்கு இயல்பாக வந்தது என்பதே நம்மைச் சிந்திக்க வைத்தது.

கணக்காகவே பார்ப்போம். நின்ற நிலையில் ஒரு வில் எத்தனை செண்டிமீட்டர் அமுங்கியிருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் ஐந்தை வகுத்தால், அவ்வண்டி வினாடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். 16 செண்டிமீட்டர் அமுங்கும் வில்லின் மேலிருக்கும் மோட்டார் கார் வினாடிக்கு ஒன்றேகால் முறை ஆடும். மனிதன் நிதானமாக நடக்கும் தாளத்துக்கு அது நெருங்கியது. உடம்பு அதற்குப் பழகியது. லாரியின் வில்லோ டன்கணக்கான சுமையை எண்ணி அமைத்தது. அச்சுமை ஏறும்போது 9 செண்டிமீட்டர் அமுங்குவதாக வைத்துக்கொள்வோம்; வினாடிக்கு ஒன்றரை முறைக்குச் சற்று மேல் ஆடும்; சிமெண்டு மூட்டை சுகமாகப் பயணம் செய்யும். சிமெண்டு இறங்கி, ஆளுக்கு 65 கிலோகிராமாகப் பன்னிரண்டு பேர் ஏறினால் மொத்தம் 780 கிலோகிராம். அந்த விறைத்த வில்லுக்கு இது ஒரு சுமையே அன்று. இரண்டேகால் செண்டிமீட்டரே அமுங்கி நின்றால் ஆட்டம் வினாடிக்கு மூன்று முறைக்கு மேலாகிறது. மேலும் கீழுமான அதிர்வில் வினாடிக்கு 4 முதல் 8 வரையுள்ள அதிர்வையே அமர்ந்திருக்கும் மனித உடல் மிகக் கடுமையாக உணர்கிறது என்பது ஆராய்ந்து கண்ட உண்மை. குடலும் முதுகும் தாமே சேர்ந்து ஆடும் வேகம் அதுவே. விறைத்த லாரி, தன்மேல் அமர்ந்தவனை அந்த எல்லையின் வாயிலிலே கொண்டுபோய் விடுகிறது. அதற்கு மேல் ஒரு பட்டையையும் சேர்த்துக் கட்டச் சொன்னார் நம் நண்பர்.

அவர் போனபின் தம்பியிடம் பேச்சுக் கொடுத்தோம். அவர் இந்நாட்டுக்கு முதலில் வந்தது கட்டட வேலைக்குத்தானாம். துவாஸ் பக்கத்தில் விடுதி. விடியுமுன் லாரி, இருட்டியபின் லாரி. பின் அச்சுக்குப் பின்னால் அமர்ந்தவனையே லாரி மிகுதியாகத் தூக்கிப் போடும் என்பதையும், புதிதாக வந்தவனுக்கே அந்த இடம் கிடைக்கும் என்பதையும் அவர் சொல்லித்தான் அறிந்தோம். ‘லாரிக்கு வில் உண்டு, அண்ணே. அது மூட்டைக்குப் போட்ட வில். எங்களுக்கு எங்கள் முதுகுதான் வில்’ என்றார். குறையாகச் சொல்லவில்லை. உருக்கின் தரத்தைச் சொல்லுவதுபோலச் சொன்னார்.

வில்லின் மேல் யார் அமர்வது என்பது புதிய கேள்வியன்று. சிராங்கூனின் பழைய தெருப்பெயர்களே அதற்குச் சான்று பகரும். கெர்பாவ் என்றால் மலாய் மொழியில் எருமை. லெம்பு என்றால் மாடு. கெர்பாவ் சாலையும், பஃபலோ சாலையும், லெம்பு சாலையும், கல்கத்தாவிலிருந்து வந்து மாட்டு வாணிகம் செய்த பெலிலியோஸின் பெயர் தாங்கிய சாலையும், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பகுதி மாடுகளால் வாழ்ந்ததை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. அன்று சுமையை இழுத்தது கட்டைவண்டி. அதற்கு வில் கிடையாது. அச்சின்மேல் நேரே பலகை. சீமான்கள் ஏறிய குதிரை வண்டிக்கு வில் உண்டு. தமிழ்நாட்டிலும் அப்படியே. செல்வர் ஏறும் வண்டிக்கு வில்வண்டி என்றே பெயர். வில் இருந்தால் மனிதர் ஏறும் வண்டி. வில் இல்லாவிட்டால் மூட்டை ஏறும் வண்டி. மூட்டையோடு ஏறியவன் மூட்டைக்குள் அடக்கம்.

இந்தப் பிரிவினையைத் துணிந்து உடைத்தவர் ஒருவரை ஈண்டு நினைக்கவேண்டும். திருவிதாங்கூரில் வெங்கானூரைச் சேர்ந்த அய்யன்காளி, 1863-இல் புலையர் குலத்தில் பிறந்தவர். அக்குலத்தார் பொதுச்சாலையில் நடக்கவும் கூடாதென்று தடுத்திருந்த காலம். 1893-இல் அவர் ஒரு வில்வண்டியை விலைக்கு வாங்கி, தூய வெள்ளாடை உடுத்தி, தலைப்பாகை கட்டி, அதே பொதுச்சாலையில் அதே வண்டியில் சென்றார். வழிமறித்தார்கள், அவர் திரும்பவில்லை. அவர் நடந்து சென்றிருந்தாலும் அது கலகமாகவே கருதப்பட்டிருக்கும். ஆயினும் அவர் வில்வண்டியைத் தேர்ந்தார். சாலையில் செல்லும் உரிமை மட்டுமன்று, மனிதனாக அமர்ந்து செல்லும் உரிமையும் வேண்டும் என்பதே அதன் பொருள். இதை நாம் பட்டறையிலிருந்து திரும்பும்போது நினைத்துக்கொண்டோம்.

தோட்டத்து வாசகர்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1948-இல் வெளிவந்த லேண்ட் ரோவர் மலாயாத் தோட்டத்துச் செம்மண் பாதைகளில் துரைமார்களைச் சுமந்தது. அதற்கும் பட்டைவில்தான், அவர்களும் குலுங்கியே சென்றார்கள். ஆனால் அவர்களுக்கு இருக்கை இருந்தது. சாய மெத்தை இருந்தது. பால்வெட்டுக்குப் போனவர்கள் வாளியோடு லாரியில் நின்று போனார்கள். 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவர் அத்தகைய வண்டிக்கும் நான்கு சக்கரத்திலும் சுருள்வில் கொடுத்து, காடுமேட்டிலும் கார் போன்ற சுகத்தைக் காட்டியது. நாம் ஏறுகிற வண்டி அந்த வழியில் வந்ததே. முன்னால் அமர்வோர்க்கு அறிவியல் ஐம்பது ஆண்டு முன்னேறிவிட்டது. பின்னால் அமர்வோர்க்கு லாரியின் பலகை அப்படியே இருக்கிறது.

சிங்கப்பூரில் சரக்கு வண்டியின் பின்பலகையில் ஆட்களை ஏற்றுவது பொதுவாகச் சட்டத்துக்கு மாறானது. வேலைக்குச் செல்லும் தொழிலாளியை ஏற்றுவது மட்டும் அதற்கு விலக்கு. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கூரையும் உயரமான பக்கக் கம்பிகளும் கட்டாயமாயின, அவை நன்மையே. எனினும் முன்னறையில் அமர்ந்தவர் வார் பூட்டாவிட்டால் குற்றம். பின்பலகையில் அமர்ந்தவருக்கு வாரே கிடையாது. 2021 ஏப்ரல் 20-ஆம் நாள் தீவு விரைவுச்சாலையில் 17 தொழிலாளர்களை ஏற்றிச் சென்ற லாரி ஒன்று, நின்றிருந்த சரக்கு வண்டியில் மோதியது, இருவர் மாண்டனர். 2023 ஜூலையில் இவ்வழக்கத்தை ஒழிக்கவேண்டுமென்று பல தொண்டு அமைப்புகள் ஒருங்கே கேட்டபோது, வணிகச் சங்கங்கள் தம் இடர்ப்பாடுகளை எடுத்துக் கூறின. சிறு குத்தகைக்காரருக்குத் தனி பஸ் கட்டாது. கருவியும் ஆளும் ஒரே வண்டியில் போக வேண்டியிருக்கிறது. பஸ் ஓட்டுநர்க்கும் பஞ்சம். வேலைகள் தாமதமாகும் என்றார்கள்.

இவ்விடர்கள் பொய்யென்று நாம் கூறமாட்டோம். நம்மவரில் பலர் இரண்டு லாரி வைத்துத் தொழில் நடத்துபவர்கள். அவர்கள் கணக்குப் புத்தகம் நமக்குத் தெரியாததன்று. ஆனால் ஒன்று கேட்கிறோம். பஸ்ஸுக்குச் செலவழிக்காத பணம் மிச்சமாகிவிட்டதா? முன்னே சொன்ன வாக்கியத்தை நினைவுகூருங்கள். வில் ஏற்காத அடி மறைந்துபோவதில்லை, அடுத்ததற்குப் போகிறது. முதலாளி ஏற்காத செலவு தொழிலாளியின் முதுகுக்குப் போகிறது. மழைநாளில் அவன் உடம்புக்குப் போகிறது. மோதல் நேர்ந்த நாளில் புதுக்கோட்டையிலோ வங்காளத்திலோ ஒரு குடிலுக்குப் போகிறது. ரசீது எழுதத் தெரியாதவர்கள் கட்டுகிற பணமாதலால் அது எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

லாரிக்கு மெல்லிய வில்லைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நாம் சொல்ல வரவில்லை. மெல்லிய வில்லில் சிமெண்டு ஏற்றினால் லாரியே கவிழும். இரும்புக்கு அமைத்த வில் மனிதனுக்குப் பொருந்தாது. மனிதனுக்கு அமைத்த வில் இரும்புக்குப் பொருந்தாது. இயற்கை விதி இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, இரண்டையும் ஒரே வண்டியில் ஏற்றுவதே குற்றத்தின் வேர். மூட்டைக்கு லாரியும் மனிதனுக்கு இருக்கையும் வாருமுள்ள வண்டியும் என்பதே முறை. தனித்தனியே பஸ் வைக்கவியலாத சிறு குத்தகைக்காரர்கள் நால்வர் ஐவர் கூடி, ஒரே விடுதியிலிருந்து ஒரே திசையில் செல்லும் ஆட்களுக்கு ஒரு பஸ்ஸைப் பேசிக்கொள்ளலாம். சீட்டுப் பிடிக்கவும் விழாவுக்குப் பணம் திரட்டவும் கூடத் தெரிந்த நமக்கு இதற்குக் கூடத் தெரியாதா? வீடு கட்டக் குத்தகை பேசுவோரும், விலையைக் கேட்கும்போதே ஆட்களை எதில் ஏற்றி வருவீர்கள் என்று கேட்கலாம். சட்டம் வருமளவும் காத்திருக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

நம் வண்டி இப்போது நிமிர்ந்து நிற்கிறது. பெரியவர்கள் ஜொகூர் போய் வந்து இடுப்பு வலிக்கவில்லை என்று மகிழ்கிறார்கள். அந்த மகிழ்ச்சியைப் பணம் கொடுத்து வாங்கினோம், வாங்கியதில் பிழையில்லை. தம் தாய்தந்தையரின் இடுப்புக்காக இவ்வளவு கணக்குப் பார்க்கும் நாம், பிறர் பெற்ற பிள்ளைகளின் இடுப்புக்கும் அதில் பாதியளவாவது பார்க்கவேண்டும் என்பதே நம் வேண்டுகோள். லாரி வைத்திருக்கும் தோழர்கள் நாளைக் காலை ஆட்கள் ஏறுமுன், தாமே பின்பலகையில் ஏறி, பின் அச்சுக்குப் பின்னால் அமர்ந்து, விடுதியிலிருந்து வேலையிடம்வரை ஒருமுறை போய்ப் பார்க்கட்டும். அதன்பின் வில்லைப் பற்றி நாம் அவர்களுக்கு எதுவும் எடுத்துச் சொல்ல வேண்டியிராது.